ஆயிரம் யென் சுவரும் ஆறிப்போன சூப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராமன் கதை இல்லை, ராமென் கதை. வில் கிடையாது, வனவாசம் கிடையாது. ஆனால், ஒரு மணி இருபது நிமிஷம் நடுத்தெருவில் ஒற்றைக்காலில் நின்ற தவம் உண்டு. தவத்தின் முடிவில் கிடைத்தது வரமா, சாபமா என்பதுதான் விஷயம்.

ராமென் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப். ஆழமான கிண்ணத்தில் சுடச்சுட சூப். அதற்குள் கோதுமை நூடுல்ஸ். மேலே இரண்டு மூன்று துண்டு பன்றி இறைச்சி, பாதியாக வெட்டிய முட்டை, பக்குவப்படுத்திய மூங்கில் குருத்து, கொஞ்சம் வெங்காயத்தாள். அவ்வளவுதான். நம்மூரில் ராத்திரி பதினோரு மணிக்குப் பசித்தால் எங்கே போவோம்? பரோட்டா கடைக்கு. டோக்கியோக்காரர் ராமென் கடைக்குப் போவார். இரண்டுமே மாவு, இரண்டுமே சூடு, இரண்டுமே நாளெல்லாம் உழைத்தவனின் வயிற்றைக் கேள்வி கேட்காமல் நிரப்பும். நான் விருதுநகர்க்காரன். எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டாவைத் தின்று வளர்ந்த உடம்பு இது. ஆகவே, ராமென் விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்குத் தார்மிக உரிமை இருக்கிறது!

(சைவக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெரும்பாலான கடைகளில் சூப்பே பன்றி எலும்பு, கோழி எலும்பு சமாசாரம்தான். ஆனால், டோக்கியோ ரயில் நிலையத்துக்கு உள்ளேயே மாமிசம், முட்டை, பால் எதுவுமில்லாத ராமென் விற்கிற கடை இருக்கிறது. தைரியமாகப் போகலாம்.)

2024 நவம்பரில் பத்து நாள் டோக்கியோ போயிருந்தேன். என் சித்தி மகன் அங்கே எட்டு வருஷமாக கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஜாகை நிஷி கசாய். 2000-ம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று ஒரு பீதி கிளம்பியதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சமயத்தில் வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறிய பேட்டை. மளிகைக் கடையில் துவரம் பருப்பு கிடைக்கும். காலையில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழும்.

"அண்ணே, நீங்க ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்ப டோக்கியோவுலயே அந்தக் கடைதான் பேச்சு" என்றான் தம்பி. ஆபீஸில் அரை நாள் லீவு வேறு சொல்லிவிட்டான். ஜப்பானில் அரை நாள் லீவு கேட்பது நம்மூரில் மாமனாரிடம் கார் கேட்கிற மாதிரி. கிடைக்கும், ஆனால், கேட்பதற்குள் நாக்கு உலர்ந்துவிடும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த ராமெனின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ராமென் ஜப்பானில் பிறந்த சரக்கே இல்லை. சீனாவிலிருந்து வந்த விருந்தாளி. யோகோஹாமா சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஒஸாகி கான்இச்சி என்பவர் 1910-ல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் 'ராய்ராய்கென்' என்று ஒரு கடை திறந்தார். யோகோஹாமாவின் சீனர் பேட்டையிலிருந்து சமையல்காரர்களை அழைத்து வந்தார். டோக்கியோ ஜனங்களுக்கு இந்த நூடுல்ஸ் பிடித்துப்போனது அங்கேதான் என்கிறார்கள். சுங்க அதிகாரியாக இருந்தவரே வெளிநாட்டுச் சரக்கை உள்ளே விட்டால் யார் தடுப்பது?

அப்புறம் தள்ளுவண்டிகள் வந்தன. ராத்திரியில் வண்டிக்காரர் 'சருமேரா' என்று ஒரு குழலை ஊதிக்கொண்டே தெருத் தெருவாக வருவார். நம் நாகஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம். சத்தம் கேட்டதும் ஜனங்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவருவார்களாம். கல்யாணம் இல்லாமலே நாதஸ்வரம், பந்தி இல்லாமலே சாப்பாடு!

1945-ல் யுத்தத்தில் தோற்றபோது ஜப்பானில் அரிசி இல்லை. அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்தது. கள்ளச்சந்தைத் தெருக்களில் நூடுல்ஸ் வண்டிகள் முளைத்தன. ஒஸாகாவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு கிண்ணம் ராமெனுக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நீளமாக ஒரு வரிசை நின்றது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் மோமோஃபுகு ஆண்டோ. அந்த வரிசையை அவர் மறக்கவே இல்லை. பல தொழில் செய்து நொடித்துப்போன பிறகு, வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்து, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்துக் காயவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1958 ஆகஸ்ட் 25-ம் தேதி உலகின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கடைக்கு வந்தது. விலை 35 யென். அப்போது ஒரு கட்டு ஊடோன் நூடுல்ஸ் 6 யென்தான். எனவே, முதலில் அது பணக்காரச் சரக்காகத்தான் இருந்தது. உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கி, ஏழை வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது. 1971-ல் கப் நூடுல்ஸ். இன்று நம் வீட்டுக் குழந்தைகள் இரண்டு நிமிஷத்தில் கிளறித் தின்கிற நூடுல்ஸுக்கு அந்தக் கொட்டகைதான் பாட்டன் வீடு.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வரிசை. அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. பசி.

2015 டிசம்பரில் இன்னொரு சம்பவம். டோக்கியோவில் சுகாமோ என்கிற இடத்தில், ஒன்பது பேர் மட்டுமே உட்காரக்கூடிய 'சுதா' என்ற சின்ன ராமென் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. ராமென் கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால், ஒருத்தர் வீட்டுத் தோட்டத்தில் தங்கக்காசு கிடைத்தால் ஊர் முழுக்க மண்வெட்டி எடுக்குமே! தெருவோரச் சாப்பாட்டுக்கு நட்சத்திர ஓட்டல் வேஷம் கட்டும் கடைகள் பல முளைத்துவிட்டன. தம்பி கூட்டிப்போனது அந்த ரகம். ஷிபுயா பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரெல்லாம் வேண்டாம், எனக்கு ஜப்பானிய மொழியில் வக்கீல் நோட்டீஸ் படிக்கத் தெரியாது.

பதினொன்றரைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள். ஆனாலும், ஜப்பான் க்யூவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். யாரும் யார்மேலும் சாயவில்லை. "லேசா நகருங்க ஸார்" இல்லை. "என் மச்சான் முன்னாடி நிக்கிறான்" இல்லை. கறுப்பு ஏப்ரன் போட்ட பையன் ஒருவன் வந்து, கோடு போட்ட மாதிரி எங்களை நிறுத்திவிட்டுப் போனான். குளிர் காற்று. முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கடையின் போர்டுக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திருப்பதியில் தரிசன வரிசையில் நிற்கிறவர்கள்கூட உள்ளே போன பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இங்கே வாசலிலேயே பரவசம்.

"இவ்வளவு பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவாண்ணே?" என்றான் தம்பி. அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. கூட்டம் இருக்கிற கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது நம் பாட்டன் காலத்துச் சூத்திரம். லாரி நிற்கிற ஓட்டலில் சாப்பிடு என்பார்கள். லாரி டிரைவர் போட்டோ எடுக்க நிறுத்துவதில்லை என்பதால் அந்தச் சூத்திரம் சரியாக இருந்தது.

ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து உள்ளே போனோம். உள்ளே கும்மிருட்டு. சிமெண்ட் பூசாத சுவர். இருட்டில் தடவித் தடவி உட்கார்ந்தால், ஒவ்வொரு இருக்கைக்கு எதிரிலும் கிண்ணம் வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு வட்ட வெளிச்சம். பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு சின்ன மர ஸ்டாண்ட். நாடக மேடையில் கதாநாயகி வருவதற்கு முன்னால் இப்படித்தான் லைட் போடுவார்கள்.

கதாநாயகி வந்தாள். சாதாரண ராமென் கிண்ணம் ஆழமாக இருக்கும். இது தாம்பாளம் மாதிரி அகலம், தட்டையாக. மேலே சோப்பு நுரை போல வெள்ளை நுரை. அதன்மேல் ஒரு ஊதாப் பூ. பன்றி இறைச்சி இளஞ்சிவப்பாக, எதிர்ப்பக்கம் தெரிகிற மெல்லிசில் ஒரே ஒரு ஏடு. நாலு சொட்டு டிரஃபிள் எண்ணெய். அந்தப் பையன் பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் எந்த நாடு, உப்பு எந்தத் தீவு என்று விலாவாரியாகச் சொன்னான். தம்பி மொழிபெயர்த்தான். இரண்டு நிமிஷம் ஓடிவிட்டது. கிண்ணம் 2,100 யென். முட்டை வேண்டும் என்றால் தனியாக 300 யென். ஆக, தலைக்கு 2,400. அப்போது ஒரு யென் நம் கணக்கில் சுமார் ஐம்பத்தைந்து பைசா. அதாவது 1,320 ரூபாய்.

முதல் கரண்டியை வாயில் வைத்தேன்.

சூடு இல்லை.

ஆறிப்போன ரசத்தை அடுப்பில் காட்டி இறக்கிய மாதிரி ஒரு வெதுவெதுப்பு. நுரை நாக்கில் பட்டதும் மாயமாகிவிட்டது. நூடுல்ஸ் ஒன்றோடொன்று கைகோத்துக் கட்டியாக வந்தது. டிரஃபிள் வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது. பூவை என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக வைத்தேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"கல்யாண வீட்டுல பந்தல் பிரமாதம்டா. மேளம் பிரமாதம். மாப்பிள்ளையைத்தான் காணோம்."

தம்பி சிரிக்கவில்லை. லீவு போட்டவன் அவன்.

இதில் ரசனை விவகாரம் எதுவும் இல்லை. எல்லாம் அடுப்படிக் கணக்கு. நல்ல ராமென் எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். முதலில் கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்வார்கள். அடியில் 'தாரே' என்கிற சாறு. ருசிக்கும் உப்புக்கும் அதுதான் பொறுப்பு. சோயாவோ உப்போ மிஸோவோ, கடைக்குக் கடை ரகசியம். அதன்மேல் எலும்பையும் கடல்பாசியையும் காய்ந்த மீனையும் மணிக்கணக்கில் காய்ச்சி எடுத்த சூப். மேலே மெல்லிய படலமாக எண்ணெய். அந்த எண்ணெய்ப் படலம்தான் மூடி. சூட்டை வெளியே விடாது. நூடுல்ஸ் மாவில் கார உப்பு சேர்ப்பார்கள். அதனால்தான் அதற்கு அந்த மஞ்சள் நிறமும், இழுத்தால் துள்ளுகிற வாகும். ஆனால், சூப்பில் விழுந்த நிமிஷத்திலிருந்து அது ஊற ஆரம்பிக்கும். ஆகவே, கிண்ணம் வந்ததும் பேச்சைக் குறைத்து, உஸ் உஸ் என்று சத்தமாக உறிஞ்சி, பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். ஜப்பானில் அது மரியாதைக் குறைவே இல்லை.

இப்போது நம்ம கடையைப் பாருங்கள். அகலக் கிண்ணம் போட்டோவுக்கு அழகு; ஆனால், சூடு நாலு பக்கமும் பறந்துவிடும். நுரை அழகு, ஆனால், அதற்குள் பாதி காற்று. உபந்நியாசம் அழகு, ஆனால், அதற்குள் நூடுல்ஸ் ஊறிவிடும். அந்தச் சாப்பாட்டில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கண்ணுக்கு லாபம், நாக்குக்கு நஷ்டம். பி.காம். படித்தவன் என்பதால் இப்படித்தான் வரவு செலவு எழுத வருகிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு இளம் பெண். கிண்ணத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தாள். ஸ்டாண்டில் செல்போனை வைத்து, தான் சாப்பிடுவதைப் படம் எடுத்தாள். பாதி மிச்சம் வைத்துவிட்டு, திருப்தியாக எழுந்து போனாள். அவள் எதற்காக வந்தாளோ அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஒஸாகா வரிசைக்கும் ஷிபுயா வரிசைக்கும் நடுவே எண்பது வருஷம் ஓடியிருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்தோம். பதினோரு நிமிஷம் சாப்பிட்டிருந்தோம். இரண்டு பேருக்கும் 4,800 யென். தம்பிதான் கொடுத்தான். ரயிலில் ஷிபுயா தாண்டியும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாயந்திரம் இன்னொரு கடைக்குப் போவோம்ணே. சாதாரணக் கடைதான். அண்ணன் வந்திருக்கீங்க, அங்க எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு விட்டுட்டேன்" என்றான்.

ஒரு ஸ்டேஷனுக்குப் பின்புறச் சந்து. வெளிறிப்போன சிவப்புத் துணி தொங்கும் வாசல். எட்டு ஸ்டூல். உள்ளே எழுபத்து நாலு வயசுப் பெரியவர் ஒருவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. முதல் வருஷக் குளிரில், சம்பளத்தில் பாதியை ஊர்க் கடனுக்கு அனுப்பிவிட்டு, கப் நூடுல்ஸில் காலம் தள்ளிய தம்பி, வாரத்தில் ஒரு நாள் இங்கே வருவானாம். மொழி தெரியாது. விரலைக் காட்டுவான். பெரியவர் நூடுல்ஸைக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு கிண்ணத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வாராம்.

வாசலில் டிக்கெட் மெஷின் நின்றது. ஜப்பானில் நிறைய ராமென் கடைகளில் காசை மெஷினில் போட்டு டிக்கெட் எடுத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால், இந்த மெஷினின் வாயில் டேப் ஒட்டியிருந்தது. 2024 ஜூலை 3-ம் தேதி ஜப்பான் புது நோட்டுகள் வெளியிட்டது. பத்தாயிரம் யென் நோட்டில் ஷிபுசாவா எய்இச்சி படம். ஜப்பானில் முதல் வங்கியைத் தொடங்கி, ஐந்நூறு கம்பெனிகள் உருவாகக் கை கொடுத்த மகானுபாவர். காமர்ஸ் படித்தவன் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய ஆள். ஆனால், பழைய மெஷினுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை! மெஷினை மாற்றப் பெரும் செலவாகும். பெரியவர் டேப் ஒட்டிவிட்டு, கையிலேயே காசு வாங்குகிறார்.

கிண்ணம் வந்தது. சோயா ராமென். 850 யென். நம் காசில் 470 ரூபாய்க்குள். ஆவி முகத்தில் அடித்தது. முதல் கரண்டியில் நாக்கு சுட்டது. அந்தச் சூட்டிலேயே பாதி வயிறு குளிர்ந்துவிட்டது. கோழி எலும்பின் சாரம், பின்னாலேயே காய்ந்த மீனின் மெல்லிய வாசனை, கடைசியில் சோயாவின் லேசான இனிப்பு. நூடுல்ஸ் பல்லில் படும்போது துள்ளியது. நிமிர்ந்து பார்க்காமல் குடித்தேன். விருதுநகர் பரோட்டா கடை மாஸ்டர் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

தம்பி மட்டும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள். "என்னடா?" என்றேன்.

"வர்ற மார்ச்சோட கடையை மூடுறாராம்ணே. 1981-ல ஆரம்பிச்ச கடை. நாற்பத்து மூணு வருஷம். மன்னிக்கணும்னு எழுதியிருக்கார்."

முழங்கால் வலி. மகனுக்கு வேறு உத்தியோகம். அதெல்லாம் இருக்கட்டும், கணக்குக்கு வாருங்கள். ஜப்பானுக்கு வேண்டிய கோதுமையில் சுமார் 90 சதவிகிதம் இறக்குமதி. உக்ரைன் யுத்தம் மூண்ட 2022-ம் வருஷம் ஏப்ரலில், மாவு மில்களுக்கு அரசாங்கம் விற்கும் இறக்குமதிக் கோதுமை விலை ஒரே எகிறலில் 17 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து முட்டை விலை உச்சிக்குப் போனது. கேஸ், கரண்ட், பன்றி இறைச்சி என்று எல்லாம் ஏற்றம். பெரியவர் 2020-ல் 750 யென்னுக்கு விற்றிருக்கிறார். அப்புறம் 800. பிறகு 850. "கையில் நாலு காசு நிற்க வேண்டுமானால் 1,100 யென் வைக்க வேண்டும்" என்றார்.

"வையுங்களேன்" என்றேன், தம்பி மூலமாக.

பெரியவர் சிரித்தார். "ஆயிரத்தைத் தாண்டினால் யார் வருவார்கள்?"

இதற்கு ஜப்பானில் ஒரு பெயரே இருக்கிறது. 'ஆயிரம் யென் சுவர்'. ராமென் என்றால் ஆயிரம் யென்னுக்குள் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் மனசில் எழுப்பிய சுவர். அதைத் தாண்டினால் "ராமெனுக்கா இவ்வளவு?" என்பார்கள். விலை ஏற்றுவதே அங்கே ஒரு பாவ காரியம். 2016-ல் பிரபலமான ஒரு குச்சி ஐஸ் கம்பெனி, இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு 60 யென்னிலிருந்து 70 யென்னாக ஏற்றியது. பத்தே யென்! அதற்கு முதலாளியிலிருந்து ஊழியர்கள் வரை வரிசையாக நின்று குனிந்து வணங்கி டி.வி.யில் விளம்பரம் கொடுத்தார்கள். நம்மூரில் பால் விலை, பஸ் கட்டணம் ஏற்றும்போது இப்படி யாராவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

டெய்கோகு டேட்டாபேங்க் என்கிற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் 72 ராமென் வியாபாரங்கள் திவாலாகின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. அதுவும் பெரிய கடன் வைத்து, சட்டப்படி கைதூக்கியவர்களின் கணக்கு மட்டும்தான். கடன் வைக்காமல், சுவரில் மன்னிப்புத் தாள் ஒட்டிவிட்டுச் சத்தமில்லாமல் அடுப்பை அணைக்கிற பெரியவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மத்தியானம் ஒரு இடத்துல ஆறிப்போன சூப்புக்குத் தலைக்கு 2,400 யென் கொடுத்தோம்னு சொல்லுடா அவர்கிட்ட" என்றேன்.

அதை மட்டும் தம்பி மொழிபெயர்க்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஷிபுயாவில் அந்தச் சுவரே கிடையாது. நுரையும் பூவும் வட்ட வெளிச்சமும் இருந்தால் ஜனங்கள் 2,400 யென்னைச் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்கள், ஒரு மணி நேரம் நின்று கொடுக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எலும்பு வேகவைக்கிற கிழவர் 1,100 கேட்டால் மட்டும் சுவர் முளைத்துவிடுகிறது. அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவில் லாபம் இருக்கும் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் வாடிக்கையாளரின் மனசு என்று ஒரு ஐட்டம் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் சேர்க்கவில்லை.

தம்பி திடீரென்று ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தான். இரண்டு பிளேட் கியோஸா. அதுதான், நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஆளுக்கொரு முட்டை. ஒரு பாட்டில் பீர்.

"டேய், வயிறு முட்டிப்போச்சுடா."

"அவர் விலையை ஏத்த மாட்டாருண்ணே. நாமதான் பில்லை ஏத்தணும்."

மூச்சு முட்டத் தின்றோம். பில் 3,440 யென். இவ்வளவு பாடுபட்டும் மத்தியானக் கணக்கை எட்ட முடியவில்லை! ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. மிச்சச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்து, தலையைக் குனிந்து வழியனுப்பினார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை இருக்கும். இட்லிக் கடையோ, பரோட்டா கடையோ, ஒரு பாட்டியின் பணியாரக் கடையோ. சிலிண்டர் விலை ஏறும், மாவு விலை ஏறும். அவர் தோசைக்கு ஐந்து ரூபாய் ஏற்றினால், "என்னண்ணே, அநியாயமா இருக்கே" என்போம். அதே நாம், கண்ணாடிக் கட்டடத்தில் அதே தோசைக்கு இருநூறு ரூபாயும் வரியும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டு வருவோம். சட்டம் போட்டு மாற்றுகிற விஷயம் இல்லை இது. அடுத்த தடவை போகும்போது ஒரு வடை சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய் ஏற்றியிருந்தால் கேட்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

2025 மார்ச் கடைசியில் தம்பி போன் செய்தான். பெரியவர் கடைக்கு அன்றுதான் கடைசி நாள். சந்து முழுக்க வரிசையாம். ஸ்டேஷன் வரைக்கும். பத்து வருஷமாக அந்தப் பக்கமே வராதவர்கள் எல்லாம் வந்து நின்றார்களாம். தம்பியும் ஒண்ணரை மணி நேரம் நின்றிருக்கிறான்.

"சூப் சூடா இருந்துச்சாடா?"

"நாக்கு பொத்துப்போச்சுண்ணே."

"விலை?"

"850 யென்தான்."